கன்னத்தில் விழுகிற முடி

எங்க கடையில மூணு நாற்காலி. கதவுக்குப் பக்கத்துல இருக்கறது பஞ்சுவோடது, நடுவுல இருக்கறது என்னோடது. மூணாவது நாற்காலிக்கு யாரு வேலைக்கு வந்தாலும் ஆறு மாசம் தாண்டினதில்ல. என்னை எல்லாரும் ரேடியோன்னு கூப்பிடுவாங்க. தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர் எழுந்து போறவரைக்கும் என் வாய் மூடாது, அதனால வந்த பேரு. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா இப்போ சொல்லப்போற விஷயத்தைக் கடையில ஒருத்தர்கிட்டயும் நான் வாய் திறந்து சொன்னதில்ல. ரேடியோவே மூடிக்கிட்டு இருந்த விஷயம்னா பார்த்துக்குங்க.

பஞ்சுங்கறது அவன் கைக்கு வந்த பேரு. அவன் ஷேவ் பண்ணிவிட்டா கத்தி பட்டதே தெரியாது. நாற்காலியிலயே தூங்கிப்போனவங்க உண்டு, குறட்டை விட்டவங்களும் உண்டு. அதுலயும் முகத்துல தழும்பு இருக்கறவங்க, மேடு பள்ளமா இருக்கறவங்க, என் நாற்காலி காலியா இருந்தாலும் உட்கார மாட்டாங்க. "பரவால்ல, அவர் முடிக்கட்டும்"னு பழைய பேப்பரைப் புரட்டிட்டு இருப்பாங்க. பஞ்சு ரெண்டு விரலால தோலை இழுத்துப் பிடிப்பான், பள்ளம் கொஞ்சம் மேல வரும், முடி சாயற பக்கமாவே கத்தியை விடுவான். எனக்கும் அது தெரியும். என்ன பிரயோஜனம், கைக்கு வரணுமே.

அவனுக்கு அது எப்படி வந்துச்சுன்னு கேக்கவே வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்தாலே போதும். ரெண்டு கன்னத்துலயும் நகத்தை வெச்சு அழுத்தின மாதிரி குழி குழியா இருக்கும். நெத்தி ஓரத்துலயும் தாடைக்குக் கீழயும் அதே கதைதான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. காலையில கதவைத் திறந்ததும் முதல் ஷேவ் எங்களுக்குத்தான். அவன் எனக்குப் பண்ணுவான், நான் அவனுக்குப் பண்ணுவேன். இருபத்திரண்டு வருஷமா என் கத்தி அந்த முகத்துல போயிட்டு வருது. எந்தக் குழி எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேன். முதல் வருஷம் நாலஞ்சு தடவை வெட்டியிருக்கேன். பாவி, ஒரு தடவைகூட வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லல.

பதினாறு வயசுல அவனுக்குப் பரு ஆரம்பிச்சிருக்கு. ஸ்கூல்ல சல்லடைன்னு கூப்பிட்டிருக்காங்க. யார் எதைச் சொன்னாலும் முகத்துல அப்பியிருக்கான். பற்பசை, எலுமிச்சம்பழம், சாம்பல், இன்னும் என்னென்னவோ. கண்ணாடி முன்னாடி நின்னு ஒவ்வொண்ணாக் கிள்ளியிருக்கான். இருபது வயசாகி, இனிமே கிள்ளறதுக்கு முகத்துல இடமே இல்லன்னு ஆனப்புறம்தான் ஒரு தோல் டாக்டர்கிட்ட போனான். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஆறு மாசத்துக்கு.

அந்த ஆறு மாசத்தைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் பஞ்சுவுக்கு வாய் வரும். உதடு ரெண்டு ஓரத்துலயும் பிளந்துக்கிச்சாம். கொட்டாவி விட்டா ரத்தம் வருமாம். மூக்குக்குள்ள காய்ஞ்சு எரியுமாம். முகத்துல இருந்து தவிடு மாதிரி தோல் உதிருமாம், கறுப்புச் சட்டை போட்டுக்கவே முடியாதாம். ஆறு மாசம் முடிஞ்சப்போ பரு சுத்தமா நின்னுடுச்சு. வீக்கமெல்லாம் வத்தினதும் பார்த்தா அடியில இந்தக் குழியெல்லாம் இருக்கு.

"மாத்திரைக்கு முன்னாடி எனக்கு வெறும் பருதான்டா இருந்துச்சு" என்பான். "அது உள்ள போய்த் தோலைக் காயவெச்சு, சுருக்கி, இப்படிக் குழி பறிச்சுட்டுப் போயிடுச்சு."

நானும் ஆமாண்டான்னு தலையாட்டினேன். இருபது வருஷம் தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்? காய்ஞ்சா சுருங்கும், சுருங்கினா குழி விழும். கேக்கறதுக்குச் சரியாத்தான் இருந்துச்சு.

பரு போனாலும் வறட்சி அவனை விட்டுப் போகல. சட்டைப்பையில எப்பவும் ஒரு வாசலின் டப்பா இருக்கும். ஒரு ஷேவ் முடிச்சான்னா கையைக் கழுவி, துடைச்சு, உதட்டுல ஒரு தடவு, விரல் இடுக்குல ஒரு தடவு. அப்புறம் அந்தச் சிரிப்பு. வாயைத் திறந்து சிரிச்சா உதடு பிளக்கும்னு அந்த ஆறு மாசத்துல பழகிக்கிட்டது. உதட்டை மூடிக்கிட்டே மூக்கால ஒரு மூச்சு விடுவான், கண்ணு மட்டும் சுருங்கும், அவ்வளவுதான். உதடு ஆறி எத்தனையோ வருஷமாச்சு, சிரிப்பு மட்டும் மாறல. நான் சொல்ற ஜோக்குக்குக் கடையே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்போது, இவன் மூக்கால ஒரு மூச்சு விடுவான். "அதுக்கு ஒரு தும்மலாவது தும்மித் தொலைடா"ன்னு திட்டுவேன்.

அவன் சம்சாரம் ஒரு அச்சகத்துல பைண்டிங் வேலை பார்க்குது. கல்யாணத்துக்கு முன்னாடி அதோட அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ, பஞ்சுதான் வீட்டுக்குப் போய் ஷேவ் பண்ணிட்டு வருவான். "அண்ணா, நான் இவர் முகத்தையே பார்க்கல. எங்கப்பா கன்னத்தை இவர் பிடிச்ச பிடியைத்தான் பார்த்தேன்"னு அது ஒரு தடவை என்கிட்ட சொல்லுச்சு. என்னை அண்ணான்னுதான் கூப்பிடும், எனக்கும் அது தங்கச்சிதான். அந்த முறையில அவங்க பொண்ணுக்கு நான் மாமா.

அந்தப் பொண்ணைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். இப்போ பதினாறு வயசாச்சு, இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். சின்னதா இருந்தப்போ நாற்காலிக் கைப்பிடி ரெண்டு மேலயும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதுல உட்காரவெச்சு பஞ்சு முடி வெட்டிவிடுவான். அரை மணி நேரம் ஆகும். ஒரு குழந்தைத் தலைக்கு அரை மணி நேரமாடான்னு கேட்டா காதுலயே வாங்க மாட்டான். வெட்டி முடிச்சதும் அவ கன்னத்துல ஒட்டின முடியைப் பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்துட்டு, கண்ணாடியில அவ முகத்தையும் அவன் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்ப்பான்.

"அம்மா தோலுடா இவளுக்கு" என்பான். "என்னோடது வரல. தப்பிச்சா."

எத்தனை தடவை சொல்லியிருப்பான்னு கணக்கே இல்ல. அவனுக்கு வாழ்க்கையில வேற எதைப் பத்தியும் பெருமை கிடையாது, கையைப் பத்திக்கூட. அந்தப் பிள்ளையோட கன்னம் ஒண்ணுதான்.

பாப்பாவுக்குப் பதினாலு முடியற நேரத்துல முதல் பரு வந்துச்சு. ஒண்ணுதான், மூக்கு ஓரத்துல. அன்னிக்குக் காலையில எனக்கு ஷேவ் பண்ணும்போது பாதியிலயே கத்தியைக் கீழ வெச்சுட்டு அதைச் சொன்னான். அட லூசு, அந்த வயசுல யாருக்குத்தான் வரலன்னு கிண்டல் பண்ணினேன். ரெண்டு மாசத்துல நெத்தி முழுக்க வந்துடுச்சு. அப்புறம் கன்னத்துல, சின்னச் சின்னதா இல்ல, உள்ள கட்டிக்கிட்டு, சிவந்து, தொட்டா வலிக்கற பரு. அவனுக்கு வந்த அதே ரகம்.

தங்கச்சி அப்பவே சொல்லுச்சு, டாக்டர்கிட்ட காட்டிடலாம்னு. பஞ்சு ஒத்துக்கல.

"போனா அந்த மாத்திரையைத்தான் எழுதுவாங்க. என் முகம் ஒண்ணு போதாதா இந்த வீட்டுக்கு?"

அதுக்கு மேல அது என்ன பேசும்? அவன் முகத்தைக் காட்டிப் பேசினா அங்க யாரு எதிர்வாதம் பண்ண முடியும்.

இங்கதான் நான் வர்றேன். எங்க தொழில்ல ஃபேஷியல் பண்ணும்போது கரும்புள்ளி எடுக்கறதுக்கு ஒரு எவர்சில்வர் குச்சி இருக்கு. பேனா அளவு நீளம், ஒரு முனையில சின்ன வளையம். ஆவி பிடிச்சு, தோல் இளகினதும், அந்த வளையத்தைப் புள்ளி மேல வெச்சு அழுத்தினா உள்ள இருக்கறது வெளிய வந்துடும். தினமும் பத்து மூக்கு பார்க்கறோம். பஞ்சு இப்படித் தலையில கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டு நான்தான் வாயைத் திறந்தேன். எல்லாத்துக்கும் திறக்கற வாய்தானே.

"ஏன்டா, டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை முகத்தைத் தொடுவாரு? நீ எத்தனை முகத்தைத் தொடறே? உன் கையில இல்லாததா அவங்க கையில இருக்கு? அதது அப்பப்போ பக்குவமா எடுத்துவிட்டா உள்ள தங்காது. மாத்திரையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

சொன்னதோட விட்டேனா? டிராயர்ல இருந்து புதுக் குச்சி ஒண்ணை எடுத்து, ஸ்பிரிட்ல துடைச்சு, பஞ்சுல சுத்தி நானே அவன் பையில வெச்சேன். இதை நினைச்சா இன்னிக்கும் என் கையை நானே அடிச்சுக்கணும்போல இருக்கும்.

அதுல இருந்து ஒவ்வொரு லீவு நாளும் அவங்க வீட்டுச் சமையலறை ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி. வெளிச்சம் நல்லா விழணும்னு அந்த இடம். அடுப்புல தண்ணி கொதிக்கும். பாப்பா துண்டைப் போர்த்திக்கிட்டுப் பத்து நிமிஷம் ஆவி பிடிக்கும். அப்புறம் தலையைப் பின்னாடி சாய்ச்சுக்கும். இவன் கையைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவிட்டு, ஸ்பிரிட் தடவிட்டு, குச்சியை எடுப்பான். ஒண்ணொண்ணா. அவசரமே படமாட்டான்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா."

கண்ணு ஓரத்துல தண்ணி வழியும், அப்பவும் இல்லப்பாதான். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத ஜாதி, அப்பனும் பொண்ணும். முடிஞ்சதும் படிகாரத்தைத் தண்ணியில நனைச்சு மேல ஓட்டி விடுவான். ஷேவ் பண்ணப்புறம் எல்லாருக்கும் ஓட்டறோம் இல்லையா, அதே படிகாரம். மறுநாள் காலையில என் முகத்துல நுரையைப் போட்டுக்கிட்டே ஒப்பிப்பான், இன்னிக்கு நெத்தியில ஏழு எடுத்தேன், கன்னத்துல ஒண்ணு ரொம்ப ஆழமா இருந்துச்சு, கொஞ்சம் அழுத்த வேண்டியதாப் போச்சுன்னு. நானும் சபாஷ்னு சொல்லிட்டு இருந்தேன்.

எட்டு மாசம் இது நடந்துச்சு. பரு குறையல. ஒண்ணு எடுத்த இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு வந்துச்சு. எடுத்த இடத்துல கருப்பாத் தங்குச்சு. கருப்பு போன இடத்துல வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா ஒரு சின்ன நிழல் தெரிஞ்சுது. குழின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்பன் முகத்துல இருபது வருஷமா அதே நிழலைத்தானே பார்க்கறேன். ஆனா நான் அதை வாயால சொல்லல, அவனும் சொல்லல. சொல்லிட்டா அது உண்மையாயிடும்னு ரெண்டு கிழட்டுப் பசங்களும் பயந்துக்கிட்டு இருந்தோம்.

பாப்பா கடைக்கு வர்றதை நிறுத்திடுச்சு. முன்னாடி ஸ்கூல் விட்டு வரும்போது எட்டிப் பார்த்து, "மாமா, இன்னிக்கு என்ன நியூஸ்?"னு கேட்டுட்டுப் போகும். கடையில மூணு சுவத்துலயும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் தெரியும். அதனால எதிர்ப்பக்கமா நடந்து போக ஆரம்பிச்சுடுச்சு. முடியையும் வெட்டிக்கல. வளர்த்து, ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கிட்டு, குனிஞ்சே போகும். ஸ்கூல்ல கிளாஸ் போட்டோ எடுத்த அன்னிக்கு வயித்துவலின்னு வீட்டுலயே இருந்துடுச்சு. அன்னிக்குத்தான் தங்கச்சி பொறுக்க முடியாம, "நீங்க வந்தா வாங்க, வராட்டி நான் கூட்டிட்டுப் போறேன்"னு கிளம்பிடுச்சு. பஞ்சுவும் பின்னாடியே போனான்.

டாக்டர் ஒரு அம்மா, வயசானவங்க. பாப்பாவை உட்காரவெச்சு, முடியை ஒதுக்கி, வட்டமா விளக்கு பொருத்தின ஒரு பெரிய லென்ஸை முகத்துக்கு நேரா இழுத்துவெச்சுப் பார்த்தாங்களாம். அப்புறம் கேட்டாங்களாம்.

"இதை யாரு அமுக்கினது?"

தங்கச்சி திரும்பிப் பஞ்சுவைப் பார்த்துச்சாம்.

"பரு தானா வந்து தானா போயிருந்தா இவ்வளவு ஆழமாத் தழும்பு விழாது. யாரோ ஏதோ வெச்சு அழுத்தியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை."

பஞ்சு வாயைத் திறந்தானாம். திறந்தேன்டா, சத்தியமாத் திறந்தேன்டான்னு என்கிட்ட சொன்னான். அதுக்குள்ள பாப்பா முந்திக்கிச்சு.

"நான்தான் டாக்டர். கண்ணாடி முன்னாடி நின்னு, ஹேர்பின்னால."

அந்த அம்மா பிள்ளையைத் திட்டித் தீர்த்துட்டாங்களாம். படிச்ச பொண்ணுதானே, அறிவு வேண்டாமா, இது வாழ்நாள் பூரா இருக்குமே, எவ்வளவு அழகான முகம், உன் கையாலயே இப்படிக் கெடுத்துக்கிட்டியேன்னு. பாப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சரி டாக்டர், சரி டாக்டர்னு கேட்டுக்கிச்சு. தங்கச்சி சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. பஞ்சு திறந்த வாயை மூடிக்கிட்டான்.

கடைசியா மாத்திரை எழுதும்போதுதான் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். "இந்த மாத்திரையாலதானே டாக்டர் குழி விழும்?" டாக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருக்காங்க. அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். குரலைத் தணிச்சுக்கிட்டு, "இல்லைங்க. மாத்திரை தோலைக் காயவைக்கும், உதட்டை வெடிக்கவைக்கும், சாப்பிடற வரைக்கும் அந்தக் கஷ்டம் இருக்கும். குழி பருவால விழறது. கிள்ளினா, அமுக்கினா இன்னும் அதிகமா விழும். உங்களுக்கு மாத்திரை லேட்டாக் கிடைச்சிருக்கு. வீக்கம் வத்தினப்புறம் குழி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். இவளுக்கும் ஒரு வருஷம் முன்னாடியே கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னு சொன்னாங்களாம்.

மறுநாள் காலையில நான் அவனுக்கு நுரை போட்டுக்கிட்டு இருந்தப்போ இதையெல்லாம் சொன்னான். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி முழுசும் சொல்லி முடிச்சான். அவன் வாழ்க்கையில அவ்வளவு நீளமாப் பேசினதை நான் கேட்டதில்ல. கண்ணுல இருந்து தண்ணி இறங்கி, நுரையில ரெண்டு பக்கமும் கோடு விழுந்துச்சு.

"அப்பன் இருக்கும்போது பொண்ணு திட்டு வாங்கினாடா. நான் செஞ்சதுக்கு அவ திட்டு வாங்கினா. நான் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு எங்க இருந்து அவ்வளவு கோபம் வந்துச்சோ தெரியல. "முட்டாளே, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே, நான்தான்னு சொல்றதுக்கு என்ன?"ன்னு கத்தினேன். கத்திட்டு, நுரைக் கிண்ணத்தைக் கீழ வெச்சேன். குச்சியை எடுத்து அவன் பையில வெச்சது நான்தானே, அதை அவன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். சொல்லல. அன்னிக்கு அவனுக்கு ஷேவ் பண்ண என் கை வரல. நுரையைத் துடைச்சுட்டு அப்படியே வேலையைப் பார்த்தான்.

அதுக்கப்புறம் அவன் ஃபேஷியல் பண்றதை விட்டுட்டான். யாராவது கரும்புள்ளி எடுக்கணும்னு கேட்டா, "அது நான் செய்யறதில்லைங்க"ன்னு என் பக்கம் கையைக் காட்டுவான். நானும் செய்யறதில்லைங்கன்னு நான் மூணாவது நாற்காலியைக் காட்டுவேன். முதலாளிக்கு எங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சுன்னு விளங்கவேயில்ல.

பாப்பா மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சுச்சு. மூணாவது வாரம் உதடு வெடிச்சுது. இதுல மட்டும் பஞ்சுவுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது. எந்த இடம் எப்போ வெடிக்கும்னு முன்கூட்டியே தெரியும். வீடு முழுக்க வாசலின் டப்பா வாங்கி வெச்சான். குழாய் பக்கத்துல ஒண்ணு, படுக்கைக்குப் பக்கத்துல ஒண்ணு, ஸ்கூல் பையில ஒண்ணு. சோப்பை எடுத்து ஒளிச்சு வெச்சான். வெந்நீர்ல முகம் கழுவக் கூடாது, துடைக்கும்போது தேய்க்கக் கூடாது, ஒத்தித்தான் எடுக்கணும், ஈரம் காயறதுக்குள்ள கிரீமைப் போட்டுடணும், வெயில்ல போகும்போது தொப்பி, மூக்குக்குள்ளயும் ஒரு துளி. எல்லாத்தையும் தங்கச்சிகிட்ட சொல்லுவான், அது பாப்பாகிட்ட சொல்லும். பக்கத்து அறையில இருக்கற பொண்ணுக்கு இப்படி ஆள் வெச்சுச் சேதி அனுப்பினவன் இவன் ஒருத்தனாத்தான் இருப்பான். நேரா அவகிட்ட போய், இங்க இப்படித் தடவும்மான்னு அவனால சொல்ல முடியல.

"கதவுகிட்ட போய் நிக்கறாரு அண்ணா" என்று தங்கச்சி ஒரு நாள் கடை வாசல்ல நின்னு சொல்லுச்சு. "கையில டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அவ என்னப்பான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மான்னு மூடி எடுத்துட்டு வந்துடறாரு."

பாப்பா அவனை ஒரு வார்த்தை குறை சொல்லல. சாப்பிட்டீங்களாப்பா, கடையில கூட்டமாப்பா, எல்லாம் பழையபடிதான். அதுதான் அவனைத் தின்னுச்சு. "திட்டித் தொலைச்சாக்கூடத் தேவலைடா, மூஞ்சியிலயே காறித் துப்பினாக்கூட வாங்கிக்குவேன்"னு சொல்லுவான். ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பாவைச் சிரிக்கவெக்கணும்னு என் கையில இருந்த சரக்கையெல்லாம் இறக்கினேன். உதட்டை மூடிக்கிட்டே மூக்கால ஒரு மூச்சு விட்டுச்சு. கண்ணு சுருங்குச்சு. அவ்வளவுதான். நான் பஞ்சுவைப் பார்க்கல. பார்க்கத் தைரியம் வரல.

ஏழு மாசம் ஆச்சு. பரு எல்லாம் போயிடுச்சு. டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. குழிக்கு ஏதாவது செய்யலாம், ஆனா இப்போ வேண்டாம், தோல் தேறட்டும், செஞ்சாலும் முழுசாப் போகாதுன்னு சொல்லிட்டாங்க. வீக்கம் வத்தி, சிவப்பு வடிஞ்சு, பாப்பாவோட முகம் கடைசியில எப்படி இருக்கப்போகுதோ அப்படி நின்னுச்சு. நெத்தி தப்பிச்சுக்கிச்சு. கன்னம் ரெண்டும் அப்பன்தான்.

போன மாசம் ஒரு மத்தியானம். கடையில கூட்டம் இல்ல. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன், பஞ்சு சீப்பையெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தான். கதவைத் திறந்துக்கிட்டுப் பாப்பா உள்ள வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆனப்புறம். நேராப் போய் அவன் நாற்காலியில உட்கார்ந்துச்சு. பஞ்சுவோட கை தானா நாற்காலிக்குப் பின்னாடி இருக்கற பலகைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு.

"முடி வெட்டணும்பா."

அவன் துணியை எடுத்துப் போர்த்திவிட்டான். கழுத்துல முடிச்சுப் போட்டுட்டு, கண்ணாடியைப் பார்க்காம, அவ தலையைப் பார்த்துக்கிட்டே மெதுவாக் கேட்டான்.

"டாக்டர்கிட்ட ஏம்மா அப்படிச் சொன்னே?"

"அவங்க கேட்டப்போ உங்க முகத்தைப் பார்த்தேன்பா" என்று பாப்பா சொல்லுச்சு. "பார்க்க முடியல."

நான் பேப்பரை இன்னும் மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். எழுத்து ஒண்ணும் தெரியல.

"மன்னிச்சுடும்மா" என்றான்.

"சரிப்பா" என்றது. அப்புறம், "எப்படி வெட்டணும்னு சொல்லவா? புதுப் பள்ளிக்கூடத்துல அடுத்த வாரம் சேரணும். அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. ரெண்டு பக்கமும் முன்னாடி முடி கன்னத்து மேல விழணும். பின்னாடி குட்டையா இருந்தாலும் பரவால்ல. காத்து அடிச்சாலும் விலகக் கூடாது. வேற கடையில கேட்டா கன்னத்தை ஏன் மறைக்கறேன்னு கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க."

பஞ்சு ம்னு சொன்னான். கத்திரிக்கோலை எடுத்தான்.

இருபத்திரண்டு வருஷத்துல அவன் அப்படி வெட்டி நான் பார்த்ததில்ல. மேல கனம் குறைச்சு, ஓரத்துல கனம் வெச்சு, காதுக்கு முன்னாடி ஒவ்வொரு கொத்தையும் வேற வேற நீளத்துல நறுக்கி, தாடையைத் தொடற இடத்துல உள்பக்கமா வளையற மாதிரி கொண்டுவந்தான். நடுநடுவே குனிஞ்சு அவ உயரத்துக்குப் பார்த்தான். நாற்காலியைப் பக்கவாட்டுல திருப்பி, ஜன்னல் வெளிச்சம் விழற மாதிரி வெச்சுப் பார்த்தான். நிழல் தெரியுதான்னு பார்க்கறான்னு எனக்குப் புரிஞ்சுது. இன்னும் ஒரு நூல் அளவு நறுக்கினான். கடைசியா டிரையரை எடுத்து, முன்னாடி நின்னு, அவ முகத்து மேல காத்தை அடிச்சான். முடி அசைஞ்சுது, விலகல. வலது பக்கம் அடிச்சான், இடது பக்கம் அடிச்சான். விலகல.

கண்ணாடியைப் பின்னாடி பிடிச்சுக் காட்டினான். பாப்பா முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துச்சு. உதட்டை மூடிக்கிட்டே மூக்கால ஒரு மூச்சு விட்டுச்சு.

"நல்லா மறையுதுப்பா."

"நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்துடும்மா" என்று பஞ்சு சொன்னான், எல்லார்கிட்டயும் சொல்ற அதே குரல்ல. "வளர்ந்தா விலகிடும்."

"வரேன்பா."

துணியை உதறி எடுத்தான். அவ கழுத்துல ஒட்டியிருந்த முடியைப் பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தான். காதுக்குப் பின்னாடி எடுத்தான், நெத்தியில எடுத்தான், இமையில இருந்த ஒண்ணை ஊதிவிட்டான். கன்னத்துப் பக்கம் மட்டும் அவன் கை போகல. பாப்பாவே பஞ்சை அவன் கையில இருந்து வாங்கித் துடைச்சுக்கிச்சு.